சீர்வரிசையில் போய்வந்த கம்ப்யூட்டர்

திண்டிவனம் செஞ்சி சாலையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அமலாவின் கடை. படியேறிப் போய், “ஒரு கம்ப்யூட்டர் காட்டுங்க” என்று கேட்டால் காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. ஒரு நீள மேசை, திருப்புளிகள், சுருட்டி வைத்த ஒயர்கள், அவள் கணக்குப் பார்க்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று, அவ்வளவுதான். அவள் உங்களைத்தான் திருப்பிக் கேட்பாள்.

“யாரு உக்காரப்போறாங்க?”

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்தக் கேள்வி பிடிக்காது. ஒருமுறை ஒருத்தர் கோபமாகவே சொன்னார்: “காசு குடுக்கறவன் நானு. என்னக் கேளும்மா.” அமலா அசரவில்லை. “காசு நீங்களே குடுங்க சார். உக்காரப்போறவங்கள கூட்டினு வாங்க” என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போய், மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது படம் வரைகிற மெஷின். அப்பா வாங்க நினைத்திருந்தது கணக்கு எழுதுகிற மெஷின்.

என் பெயர் பூவரசன். குட்டியானை என்று ஊர் சொல்லும் சின்ன லோடு வண்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. அமலாவின் பெட்டிகளை ஏற்றி இறக்குவது நான்தான். போகிற பெட்டிக்கும் எனக்கு வாடகை, திரும்பி வருகிற பெட்டிக்கும் எனக்கு வாடகை. ஆகவே இந்தக் கதையில் நஷ்டப்படாத ஒரே ஆள் நான்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது.

அமலாவுக்குச் சொந்த ஊர் முகையூர்ப் பக்கம். அப்பா ராயப்பனும் அம்மா சவுரியம்மாளும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, கரும்பு வெட்டி அவளை டிப்ளமோ படிக்க வைத்தார்கள். படிப்பு முடிந்ததும் பாண்டிச்சேரியில் ஒரு ரிப்பேர் கடையில் சேர்ந்தாள். அங்கே அவளுடைய வேலை, ஊரார் கெடுத்துக்கொண்டு வரும் மெஷின்களைத் திறந்து பார்ப்பது. திறக்கத் திறக்க அவளுக்கு ஒன்று விளங்கிப்போயிற்று. பாதி மெஷின்கள் கெட்டுப்போனவை அல்ல, ஆள் மாறி வந்தவை. டைப் அடிப்பவர் வீட்டில் விளையாட்டு மெஷின், வீடியோ எடிட் செய்பவரிடம் டைப் அடிக்கிற மெஷின். கடைக்காரன் கையில் இருந்ததை வந்தவன் தலையில் கட்டியிருக்கிறான். தனிக்கடை போடும்போது அவள் எடுத்த முடிவு இதுதான்: கேட்ட பிறகுதான் செய்வது.

இன்னொரு காரணமும் உண்டு. “கம்ப்யூட்டர் சாமான் கத்திரிக்கா மாரிண்ணே. வாங்கின அன்னிக்கே ஆக்கிடணும். புது மாடல் வந்துச்சின்னா நேத்து வாங்கினது இன்னிக்கு சொத்தை” என்பாள். அதனால் முன்பணம் கைக்கு வந்த பிறகுதான் சென்னை ரிச்சி தெருவிலிருந்து சாமான் வரவழைப்பாள்.

அவள் கடையில் ஒரு வழக்கம் இருக்கிறது. மேசை மூலையில் வேளாங்கண்ணி மாதா படம். அதற்குப் பக்கத்திலேயே குங்குமச் சிமிழும் சந்தனக் கிண்ணமும் இருக்கும். ஒரு வருஷம் ஆயுத பூஜை முடிந்த வாரத்தில், விசிறிக்குள் சந்தனம் காய்ந்து நின்றுபோன மெஷின்கள் வரிசையாக ரிப்பேருக்கு வந்தன. அவளிடம் வேலை பார்க்கும் ரோஜா தலையில் அடித்துக்கொண்டாள். அமலா சொன்னாள்: “பொட்டு வைக்காதீங்கன்னா எவன் கேப்பான்? எங்க வைக்கணும்னு சொன்னா கேப்பான்.” அன்றிலிருந்து மெஷினின் பக்கவாட்டு மூடியைப் பூட்டுவதற்கு முன்னால் வாங்குகிறவர் கையில் மூடியைக் கொடுத்துவிடுவாள். அதன் உட்பக்கத்தில் பொட்டு வைப்பவர் வைக்கலாம், சிலுவை போடுபவர் போடலாம், பிஸ்மில்லா எழுதுபவர் எழுதலாம். அதே உட்பக்கத்தில் அவள் பெயரும் போன் நம்பரும் ஒட்டியிருக்கும். பிறகு மூடியைப் பூட்டி, வாங்குகிறவர் கையாலேயே சுவிட்சைப் போடச் சொல்வாள். கடை போட்டதிலிருந்து ஒருத்தர்கூட, “இது வேணாம், திருப்பி எடுத்துக்கோ” என்று வந்ததில்லை.

“தனக்கு இன்னா வேணும்னு தன் வாயால சொல்லி, தன் கையால பொட்டு வச்சவன் எப்படிண்ணே திருப்பிக் குடுப்பான்?” என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

போன வருஷம் வைகாசியில் துரைக்கண்ணு மாடியேறி வந்தார். விழுப்புரத்தில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக எலெக்ட்ரானிக்ஸ் ஷோரூம் வைத்திருப்பவர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு போன்.

“ஏம்மா, உன் மிஷினு நல்லா இருக்குதுன்னு ஊரே பேசுது. ஆனா ஊருன்னா எது? இந்தத் திண்டிவனம். நான் உன்ன விழுப்புரத்துல வைக்கறேன். பெரிய கம்பெனி பொட்டிக்குப் பக்கத்துல உன் பொட்டி. உன் பேருலயே.”

அமலாவின் கை வேலையை நிறுத்திவிட்டது. எந்தக் கைதான் நிறுத்தாது?

“ஒன்னே ஒன்னும்மா. ரிட்டர்ன். பதினஞ்சு நாளுக்குள்ள புடிக்கலன்னா கேள்வி கேக்காம வாபஸ். இப்ப ஆன்லைன்ல எல்லாம் அப்படித்தான் குடுக்கறான். நான் குடுக்கலன்னா என் கடைக்கு எவன் வருவான்? வந்த பொட்டிய நான் வச்சிக்கினு இன்னா பண்றது, உனக்கே அனுப்பிடுவேன். விக்காம நின்னதும் அப்படித்தான்.”

ரோஜா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அமலா சிரித்தாள்.

“எம் மிஷினு திரும்பி வராது சார்.”

அந்தச் சிரிப்பில் கர்வம் இருந்தது. எனக்குப் பிடித்த கர்வம்தான். அவள் கணக்கில், கெட்டுப்போனால்தான் ஒரு பொருள் திரும்பி வரும். அவள் செய்தது கெட்டுப்போகாது. ஆகவே திரும்பாது.

சென்னைக் கடைக்காரர் அவள் முகத்துக்காகச் சாமான்களைக் கடனுக்குக் கொடுத்தார். ஆவணி முடிவதற்குள் அடைக்கவேண்டும், இல்லையென்றால் அந்தக் கடையில் அவளுக்கு இனிச் சாமான் கிடையாது. சாமான் இல்லை என்றால் கடையும் இல்லை. இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் மாடி முழுக்கப் பெட்டிகள் அடுக்கியிருந்ததைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அமலாவுக்குத்தான் வேலை ஓடவில்லை. எல்லா மெஷினும் ஒரே மாதிரி, கேட்பதற்கு ஆள் இல்லை, பொட்டு வைக்கவும் ஆள் இல்லை.

“யாரு உக்காரப்போறாங்கன்னே தெரியாம செய்யறது, கண்ணக் கட்டிக்கினு சோறு ஊட்டற மாரி இருக்குதுண்ணே” என்றாள்.

ஆனி பிறந்ததும் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. துரைக்கண்ணு போன் மேல் போன் போட்டார். நான் விக்கிரவாண்டி டோல்கேட்டில் காசு கட்டிக் கட்டியே அங்கிருக்கிற பையன்களுக்கு மாமனாகிவிட்டேன். முகையூரிலிருந்து சவுரியம்மாள் வந்து கடையைப் பார்த்துவிட்டு, “மாதா கண்ணத் தொறந்துட்டா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனிக் கடைசி முகூர்த்தத்தில் எனக்கு ஒரு சீர்வரிசை வாடகை வந்தது. எங்கள் பக்கம் காதணி விழா என்றால் தாய்மாமன் சீர் இல்லாமல் காது குத்த முடியாது. அதுவும் சும்மா கொண்டுபோய் வைத்துவிட முடியாது. மேளம், வெடி, தாம்பாளம் தாம்பாளமாகப் பழம், பட்டு, இனிப்பு எல்லாம் ஊர்வலமாக வரவேண்டும். வண்டியில் பெரிய சாமான் ஒன்றாவது நிற்கவேண்டும். முன்பெல்லாம் சைக்கிளும் பீரோவும் நின்றன. விக்கிரவாண்டிக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஊரில் கோதண்டபாணி என்ற விவசாயி, பிரம்மதேசத்தில் இருக்கும் தங்கச்சி மகளுக்காக என் வண்டியில் ஏற்றியது ஒரு கம்ப்யூட்டர். பெட்டியிலிருந்து எடுத்து, மேசை மேல் வைத்து, ரோஜாப்பூ மாலை போட்டிருந்தார்கள். முன்பக்கம் ‘அமலா’ என்று எழுதியிருந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளுக்குப் போன் போட்டேன். “உன் பொட்டிக்கு மாலை போட்டு, மேளம் அடிச்சி, வெடி வச்சி கூட்டினு போறாங்கம்மா!”

“கல்யாணமே பண்ணிடப் போறாங்க, பாத்துக்குங்கண்ணே” என்று அவள் சிரித்தாள்.

மண்டபத்தில் மைக்காரர் தொண்டை கிழியக் கத்தினார்: “தாய்மாமன் கோதண்டபாணி அவர்களின் அன்பளிப்பு, கம்ப்யூட்டர் ஒன்று!” விசில் பறந்தது. கோதண்டபாணி மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அவர் தங்கச்சி தையல்நாயகி, மூன்று விரலால் சந்தனம் இழுத்து அதன் நடுவில் குங்குமம் வைத்தாள். காது குத்திய வலியில் அழுதுகொண்டிருந்த குழந்தை கலைப்பிரியாவும் அழுகையை நிறுத்திவிட்டுத் தன் கட்டைவிரலைச் சந்தனத்தில் தோய்த்துப் பக்கத்திலேயே ஒரு பொட்டு வைத்தது. வீடியோக்காரர் அதை இரண்டு தரம் எடுத்தார்.

ஆடி பிறந்த வாரம் ஷோரூமிலிருந்து போன். “ரிட்டர்ன் இருக்குது. வண்டிய ஜல்தியா கொண்டாங்க.”

போனேன். ஒன்றிரண்டு இருக்கும் என்று நினைத்தேன். என் வண்டி நிரம்பியது. மறுநாளும் நிரம்பியது.

திண்டிவனத்தில் இறக்கி, அமலா முதல் மெஷினை இணைத்துப் பார்த்தாள். ஓடியது. இரண்டாவதும் ஓடியது. எல்லாமே ஓடின. பல மெஷின்களில் சுவிட்சையே யாரும் தொட்டிருக்கவில்லை. ஆனால் எல்லாவற்றின் முகத்திலும் சந்தனம், குங்குமம். காற்றுப் போகிற துளைகளில் மஞ்சள் அரிசி. ஒன்றுக்குள் மல்லிகைச் சரம்.

“ஒன்னுகூட கெட்டுப்போகலையேண்ணே. பின்ன ஏன் வந்துது?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் குவியலில் ஒரு மெஷினில் மூன்று விரல் சந்தனமும், அதற்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கட்டைவிரல் பொட்டும் இருந்தன. சபையில் வைக்கும்வரை வைத்துவிட்டு, வீடியோ எடுத்ததும் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பதினைந்து நாள், கேள்வி கிடையாது. ஊருக்குச் சீரும் ஆயிற்று, காசும் கைக்கு வந்தாயிற்று. நான் சொன்னதைக் கேட்டு ரோஜா வாயில் கைவைத்தாள். அமலா மட்டும் அந்த மஞ்சள் அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் என் வண்டியிலேயே விழுப்புரம் போனோம். துரைக்கண்ணு ஒன்றும் மறைக்கவில்லை. அதற்காக அவரைப் பாராட்டலாம் என்றால் எனக்கு மனசு வரவில்லை.

“சீசன்மா. ஆனியில ஊரெல்லாம் காதுகுத்து. ‘சீருக்கா? வச்சிட்டு, பதினஞ்சு நாளுக்குள்ள கொண்டாந்துடுங்க’ன்னு எங்க பையனுங்களே சொல்லித்தான் வித்தானுங்க. அதுல பாதிப் பேரு திருப்பிக் குடுக்க சங்கடப்பட்டு வச்சிப்பான். அதுதான் நமக்கு வியாபாரம்.”

“மீதிப் பாதி?”

“தொடச்சி, புதுப் பொட்டில போட்டு, சீலு ஒட்டி அனுப்பு. ஆவணியில முகூர்த்தம் இருக்குது, மறுபடி ஓடும்.”

“மறுபடி ஓடி, மறுபடி வரும்” என்றாள் அமலா. “புதுசுன்னு நம்பி வாங்கறவன் மூடியத் தொறந்தா எவன் வீட்டு அரிசியோ உள்ள இருக்கும். அதுல ஒட்டியிருக்கற பேரு உங்குளுது இல்ல சார், என்னுது. நான் அனுப்பமாட்டேன்.”

துரைக்கண்ணுவின் முகம் மாறியது. “அப்ப கடையில நிக்கற மீதியையும் ஏத்திக்கினு போ. எனக்குப் பேஜாரு வேணாம்.”

“ஏத்திக்கறேன். இனிமே ஒன்னு பண்ணுங்க. யாருக்கு வேணும், எதுக்கு வேணும்னு கேட்டு ஆர்டர் குடுங்க. செஞ்சி அனுப்பறேன். செஞ்சி அடுக்கித் தரமாட்டேன்.”

“அது நடக்காதும்மா. கண்ணால பாக்காம எவனும் காசு குடுக்கமாட்டான்.”

ஷோரூமில் நின்றவற்றை அவளும் நானும் தூக்கி வண்டியில் ஏற்றினோம். அந்தக் கடைப் பையன்கள் ஒரு கை பிடிக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கண்ணாடிக் கதவைச் சற்றுப் பலமாகவே சாத்தினேன்.

கூட்டேரிப்பட்டு வந்ததும் டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு அமலா சொன்னாள்: “பயமா இருக்குதுண்ணே.” அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. பன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தின்றாள். தின்று முடித்ததும், “பேரு கெடல இல்ல? அது போதும். சாமான் நம்மகிட்டதான இருக்குது” என்றாள். குரல் பழைய குரலாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். வந்த மெஷின்களை மெஷினாக விற்கப்போவதில்லை, பிரித்துவிடப்போகிறாள். விசிறி தனி, ஹார்ட் டிஸ்க் தனி, மெமரி தனி. யார் வந்து என்ன கேட்கிறார்களோ அதற்குத் தக்கபடி சேர்த்துப் புதிதாகக் கட்டுவாள். ஆனால் சொல்லிவிட்டுத்தான் செய்வாள்: “இந்த சாமான் ஒருவாட்டி வெளிய போய்ட்டு வந்துது. ஓடல, சும்மா நின்னுட்டு வந்துது. வெல கொறச்சித் தர்றேன். கேரண்டி அதே கேரண்டி.”

சரி, ஆனால் ஆடி மாசத்தில் எவன் கம்ப்யூட்டர் வாங்குவான்? எங்கள் பக்கம் ஆடியில் புதுத் துடைப்பம்கூட யோசித்துத்தான் வாங்குவார்கள். அதற்கு வழி சொன்னவள் ரோஜா.

“ஆடியில புதுசுதான வாங்கக்கூடாது? இது புதுசு இல்லியே!”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அமலா சிரிக்கவில்லை. மருந்துக்கடைச் சுவரில் ஒரு அட்டை தொங்கியது: ‘புதுசு இல்லை. ஆடியிலும் வாங்கலாம்.’ படிக்கிறவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு மேலே ஏறினார்கள். பேராசிரியர் ஒருவர் வந்தார். திருவக்கரைக் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற வழியில் ஒரு குடும்பமே வந்தது. குவியல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

அது பாதி குறைந்திருந்த சமயத்தில்தான் அந்தப் போன் வந்தது. நான் அப்போது கடையில் இருந்தேன். அமலா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“அமலா கம்ப்யூட்டர்ஸ்ங்களா? நான் பிரம்மதேசத்துலருந்து தையல்நாயகி பேசறேங்க. எங்கண்ணன் எம் பொண்ணு காதணிக்கு உங்க கம்ப்யூட்டர் வச்சாரு. ஏதோ பார்ட்டு மாத்தணும், கம்பெனிக்கு கொண்டு போறேன்னு எடுத்துனு போனாரு. அது வந்த அட்டப் பொட்டி மட்டும் இங்கியே கெடக்குது, அதுல இந்த நம்பர் இருந்துச்சி. மாத்தியாச்சிங்களா?”

அமலா என்னைப் பார்த்தாள். ‘பார்ட்டும் இல்லை, கீர்ட்டும் இல்லை, உன் அண்ணன் திருப்பிக் கொடுத்துவிட்டு காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார்’ என்று ஒரு தங்கச்சியிடம் எப்படிச் சொல்வது?

“இன்னும் இல்லீங்க. ஒருவாட்டி வந்துட்டுப் போங்களேன், பேசிக்கலாம்” என்றாள் அமலா.

தையல்நாயகி மறுநாளே பஸ் ஏறி வந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். சுவரோரம் இன்னும் பிரிக்காத மெஷின்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றின் நெற்றியிலும் காய்ந்த சந்தனம், காய்ந்த குங்குமம். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். மூன்று விரல் சந்தனமும் குட்டிப் பொட்டும் இருந்த மெஷின் முன்னால் நின்றாள்.

“எல்லாருமேவா பார்ட்டு மாத்தக் குடுத்திருக்காங்க?” என்று கேட்டாள்.

ரோஜா நாற்காலியை இழுத்துப் போட்டாள். தையல்நாயகி உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இந்த வருசம் மல்லாட்ட வெளச்சல் ஒன்னும் தேறலங்க. எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரரோட அண்ணன் பிரிட்ஜ் வச்சாரு. எங்கண்ணன் வெறுங்கையா நிக்கக்கூடாதுன்னு... எங்கிட்ட சொல்லியிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன்.” நிமிர்ந்தாள். “இத நான் வாங்கிக்கறேங்க. மகளிர் குழுவுல கடன் போட்டுக் கட்டிடறேன். அண்ணன் வச்ச சீரு வீட்ல இல்லன்னு ஊருல கேக்க ஆரம்பிச்சிட்டாங்க.”

விற்றுவிட்டால் அமலாவுக்குச் சுமை ஒன்று குறையும். நானாக இருந்தால் உடனே தூக்கிக் கொடுத்திருப்பேன். அவள் தன் நாற்காலியைத் தையல்நாயகிக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“யாரு உக்காரப்போறாங்க?”

தையல்நாயகி திகைத்தாள். அப்படி ஒரு கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. குழந்தை இப்போதுதான் ஒன்றாம் வகுப்பு. யோசித்து யோசித்துச் சொன்னாள். குழுவின் கணக்கெல்லாம் அவள்தான் எழுதுகிறாள். ஊரில் யாருக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போடவேண்டுமானாலும் திண்டிவனத்துக்குத்தான் பஸ் ஏறவேண்டும். பன்னிரண்டாவது படித்தபோது டைப் கற்றிருக்கிறாள். “நானே உக்காரலாங்களா?” என்று கடைசியில் கேட்டாள், ஏதோ அனுமதி கேட்பதைப்போல.

“நீங்க உக்கார்றதா இருந்தா இந்த மிஷினு சரிப்படாது” என்றாள் அமலா. “படம் போடற கார்டு உங்களுக்கு எதுக்கு? அத எடுத்துடறேன், வெல கொறையும். கரண்டு போனாலும் கொஞ்ச நேரம் ஓடறதுக்கு பேட்டரி, ஒரு பிரிண்டரு, அது ரெண்டும் வேணும். மெமரி மாத்தணும்.” மேசையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். “பார்ட்டு மாத்தணும்னு உங்கண்ணன் சொன்னது சரிதாங்க.”

தையல்நாயகி அவளையே பார்த்தாள். பிறகு அழுகையும் சிரிப்புமாக ஒன்று வந்தது.

ரோஜா ஈரத்துணியோடு வந்தாள். முன்பக்கத்துச் சந்தனத்தைத் துடைக்கக் கை நீட்டியபோது தையல்நாயகி தடுத்தாள். “அது இருக்கட்டுங்க. எங்க கையால வச்சது.” துளைகளை மட்டும் சுத்தம் செய்துவிட்டு அந்தப் பொட்டுகளை அப்படியே விட்டார்கள். முதல் சுவிட்சைத் தான் போடமாட்டேன், அண்ணன்தான் போடவேண்டும், அதுவும் ஆடி கழிந்து ஆவணி முகூர்த்தத்தில் என்றாள் தையல்நாயகி. அமலா ஒப்புக்கொண்டாள். தன் வழக்கத்தை அதுவரை அவள் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை. இதற்கு நேரில் தானே வருகிறேன் என்றாள்.

ஆவணி பிறப்பதற்குள் குவியல் கரைந்துவிட்டது. வழக்கமான லாபம் கிடையாது, ஆனால் சென்னைக் கடைக்காரருக்குச் சொன்ன தேதிக்கு முன்பே அடைத்துவிட்டாள். அவர் அடுத்த பார்சலில் ஒரு டப்பா இனிப்பு வைத்து அனுப்பினார். அதற்கு இரண்டு நாள் கழித்துத் துரைக்கண்ணு போன் செய்தார். வேறொரு கம்பெனிக்காரரிடம் வாங்கி அடுக்கியிருந்தாராம். அவர் ரிட்டர்னைத் திரும்ப எடுக்கமாட்டேன் என்று கையை விரித்துவிட்டாராம்.

“ஏம்மா, ஒருத்தரு கடையில உக்காந்திருக்காரு. ஆர்டர்னா எப்படிக் குடுக்கணும்?” என்று கேட்டார் துரைக்கண்ணு, தொண்டையைச் செருமிக்கொண்டு.

“அவருகிட்ட போனக் குடுங்க சார்” என்றாள் அமலா. “வணக்கங்க. யாரு உக்காரப்போறாங்க?”

ரோஜா முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அந்த ஒரு ஆர்டரோடு நிற்கவில்லை, இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது. ஷோரூமில் இப்போது அவளுடைய மெஷின் ஒன்றே ஒன்று பார்வைக்கு நிற்கிறது, மற்றதெல்லாம் கேட்ட பிறகு போவதுதான்.

ஆவணியின் முதல் முகூர்த்த நாள் காலையில் கடைசி மெஷினை ஏற்றிக்கொண்டு பிரம்மதேசம் போனோம். அமலா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இதே மெஷினை நான் விழுப்புரத்துக்கு ஏற்றியிருக்கிறேன், மேளத்தோடு மண்டபத்துக்கு ஏற்றியிருக்கிறேன், வாடிய பூவோடு திண்டிவனத்துக்குத் திருப்பி ஏற்றியிருக்கிறேன். இவ்வளவு ஊர் சுற்றிய மெஷின் எங்கள் ஜில்லாவிலேயே வேறு இருக்காது.

தையல்நாயகியின் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். கோதண்டபாணியும் வந்திருந்தார். எதற்கு வரச் சொன்னாள் என்று அவருக்குத் தெரியாது. என் வண்டியையும் வண்டியிலிருந்த சந்தனப் பொட்டையும் பார்த்ததும் சட்டை போட்ட மனிதர் அம்மணமாக நின்றதைப்போல நின்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் சும்மா இருக்கவில்லை. “இன்னாப்பா கோதண்டபாணி, வச்ச சீர எங்கியோ தூக்கினு போய்ட்டன்னு பேசிக்கினு இருந்தோமே?”

தையல்நாயகி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: “பார்ட்டு மாத்தணும்னு அண்ணன் கம்பெனிக்கு கொண்டு போச்சிங்க. இதோ, கம்பெனிக்காரம்மாவே கொண்டாந்துட்டாங்க.”

எல்லாரும் அமலாவைப் பார்த்தார்கள்.

“ஆமாங்க” என்றாள் அமலா. “மாத்தியாச்சு.”

உள்ளே மேசைமேல் வைத்து ஒயர்களை மாட்டினாள். “அண்ணே, நீ போடு” என்றாள் தையல்நாயகி. கோதண்டபாணி விரலை வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். போட்டார். விசிறி சுற்றியது, திரை வெளிச்சம் போட்டது. குழந்தை, “மாமா கம்ப்யூட்டர்!” என்று கத்தியது. அவர் யாரையும் பார்க்காமல் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். தொட்டியில் தண்ணீர் மொண்டு முகம் கழுவும் சத்தம் கேட்டது, வெகுநேரம்.

நாங்கள் கிளம்பும்போது வண்டியருகில் வந்தார். கண் சிவந்திருந்தது.

“அம்மா, மல்லாட்ட அடுத்த போகம் வந்துடும். இந்தக் காச நான்தான் கட்டுவேன். அவகிட்ட வாங்காதீங்க.”

“அத உங்க தங்கச்சிகிட்ட பேசிக்குங்க” என்றாள் அமலா. “ஓடலன்னா மட்டும் எனக்குப் போன் போடுங்க.”

லோடு வண்டிக்காரனுக்குத் திரும்பும்போது வண்டி காலியாக ஓடுவதைப்போல வயிற்றெரிச்சல் வேறு கிடையாது. அன்றைக்குத் திண்டிவனம் வரும்வரை நான் கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். திரும்பி வருகிற பெட்டி ஒன்றும் இல்லை, வயிறும் எரியவில்லை. அமலாவும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.